கோல் நாட்டில் கொடிமுந்திரி

பிரான்சு என்ற பெயரைக் கேட்டவுடன் பலருடைய நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, 1789ஆம் ஆண்டில் மூண்ட பெரும் புரட்சி. மற்றொன்று, அந்நாட்டுத் திராட்சை மது. போர்தோ என்பது ஒரு நகரின் பெயர். பர்கண்டியும் ஷாம்பேனும் நாட்டுப் பகுதிகளின் பெயர்கள். ஆயினும் இன்று உலகமெங்கும் அவை மதுவின் பெயர்களாகவே வழங்குகின்றன. ஆதலால், அந்த மண்ணில் மக்கள் குடியேறிய நாள் தொட்டே அங்குத் திராட்சை மதுவும் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. வரலாறு அவ்வாறு கூறவில்லை. திராட்சை மது அந்நாட்டுக்கு வந்தேறிய பொருள். வேற்று நாட்டு வணிகர் கப்பலில் ஏற்றிக் கொணர்ந்த சரக்கு. அந்நாட்டு மக்கள் முதலில் அதை விலைக்கு வாங்கினர். அதற்கு ஈடாக விளைபொருளையும் கொடுத்தனர், மனிதரையும் கொடுத்தனர். நெடுங்காலம் சென்ற பின்னரே தாமே அதனை ஆக்கக் கற்றனர். வாங்குவோராக இருந்த ஒரு மக்கட் கூட்டம் ஆக்குவோராக மாறிய அந்த வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

குடியைப் போற்றுவது இப்பேச்சின் நோக்கமன்று. கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆனால், ஒரு சரக்கு ஒரு நாட்டின் வாழ்வையும் உரிமையையும் எவ்வாறு அசைக்கிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கொடிமுந்திரி என்று நம் முன்னோர் வழங்கிய திராட்சைக் கொடி, காட்டுச் செடியாக ஐரோப்பாவின் தென்பகுதி ஆற்றங்கரைகளில் தொன்றுதொட்டு வளர்ந்து வந்தது. பிரான்சிலும் அது உண்டு. ஆனால், காட்டுக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண்கொடி மட்டுமே காய்க்கும். பழமும் சிறிது, சாறும் குறைவு. ஒரே பூவில் இரு பாலும் அமைந்து, நட்ட கொடியெல்லாம் காய்க்கும் தோட்டத் திராட்சையை உருவாக்கியவர் கிழக்கே வாழ்ந்தவர்கள். காக்கேசிய மலைகளுக்குத் தெற்கே, இன்றைய ஜார்ஜியா நாட்டில், கி.மு. 6000 அளவில் மட்பாண்டங்களில் திராட்சை மது வைக்கப்பட்டிருந்தது என்பதற்கான அடையாளங்களை 2017ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. அங்கிருந்தும் அண்மைக் கிழக்கு நாடுகளிலிருந்தும் அக்கலை மெல்ல மெல்ல மேற்கே பரவிற்று. பிரான்சின் கடற்கரையை அது எட்டுவதற்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அக்காலத்தில் அந்நாட்டில் வாழ்ந்தவர் யாவர்? தென்கிழக்குக் கடற்கரையில் லிகூரியர் வாழ்ந்தனர். தென்மேற்கில் ஐபீரியரும் அக்குவித்தானியரும் வாழ்ந்தனர். நடுப்பகுதியிலும் வடக்கிலும் கெல்ட்டியக் குடிகள் பல பரவியிருந்தன. உரோமர் அந்நிலப்பரப்பைக் கால்லியா என்றனர். பிரெஞ்சு மக்கள் இன்று கோல் என்பர். நாமும் கோல் நாடு என்றே வழங்குவோம். அங்கு ஒரே அரசு இருந்ததில்லை. சிறு சிறு குடிகளாய்ப் பிரிந்து, ஒன்றோடொன்று உறவாடியும் போரிட்டும் வாழ்ந்தனர். இரும்பைக் காய்ச்சவும், தேர் செய்யவும், மரத்தை வளைத்துப் பூட்டவும் வல்லவர். தானியத்தைப் புளிக்கவைத்த பானமும் தேன் கலந்த பானமுமே அவர்களுடைய பழைய குடிவகைகள்.

அவர்களிடம் திராட்சை மதுவை முதன்முதல் மிகுதியாகக் கொணர்ந்தவர், இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர். கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்களுடைய மதுச்சாடிகள் தென் கோல் நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. நீண்ட கழுத்தும் இரண்டு பிடிகளும் உடைய இச்சாடிகளைக் கிரேக்கர் ஆம்போரா என்றனர். தூலோன் நகருக்குக் கிழக்கே ஜியன் என்ற தீபகற்பம் உண்டு. அதன் அருகே கடலடியில், கி.மு. 500ஐ ஒட்டிய காலத்தில் மூழ்கிய எத்ருஸ்கக் கப்பல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பல நூறு சாடிகள் அதில் அடுக்கடுக்காக இருந்தன. அவை ஒன்றோடொன்று மோதி உடையாதபடி இடையிடையே கொடிமுந்திரித் தண்டுகளைத் திணித்திருந்தார்கள். மதுவுடன் கொடியும் கடல் கடந்த செய்தி இது.

எத்ருஸ்கரை அடுத்து வந்தவர் கிரேக்கர். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அயோனியா என்ற பகுதி இருந்தது. அங்குள்ள போக்கையா நகரத்தார் கி.மு. 600 அளவில் ரோன் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அணித்தே மஸ்ஸாலியா என்ற குடியிருப்பை நிறுவினர். அதுவே இன்றைய மார்சேய் நகரம். நம் பழம்பாடல்களில் வரும் யவனர் என்ற சொல் இந்த அயோனியாவின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை இங்கு நினைவு கூரலாம்.

மஸ்ஸாலியாவின் தோற்றத்தைப் பற்றி ஓர் அழகிய கதை வழங்கிற்று. போக்கையர் வந்திறங்கிய நாளில், அந்நாட்டு அரசன் தன் மகளுக்கு மணவிழா எடுத்திருந்தான். விருந்தினர் நடுவே வந்து, தான் விரும்பும் ஆடவனிடம் ஒரு கிண்ணத்தை நீட்டுதல் மணமகளின் உரிமை. அவள் உள்நாட்டு இளைஞரை விடுத்து, வந்தேறியான கிரேக்கனிடம் கிண்ணத்தை நீட்டினாள். அரசனும் ஒப்பினான், குடியிருக்க நிலமும் தந்தான். இக்கதை இரு வடிவங்களில் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜஸ்டின் என்ற இலத்தீன் ஆசிரியர் கூறும் வடிவில் அக்கிண்ணத்தில் இருந்தது தண்ணீர். அரிஸ்டாட்டில் கூறியதாக வழங்கும் வடிவிலோ அது நீர் கலந்த மது. கதையை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால், கிரேக்கர் வருமுன்னரே எத்ருஸ்கரின் சாடிகள் அக்கரையை எட்டிவிட்டன என்பதை அகழ்வாராய்ச்சி மெய்ப்பித்துவிட்ட பின்னர், அந்தக் கிண்ணத்தில் மது இருந்திருக்க முடியாது என்று யாரும் அடித்துச் சொல்வதற்கில்லை.

கோல் மக்கள் கொடியைக் கழிக்கவும் ஒலிவ மரத்தை நடவும் மஸ்ஸாலியரிடம் கற்றனர் என்றும் ஜஸ்டின் எழுதுகிறார். அவர் சுருக்கிய நூலின் ஆசிரியரான டிரோகஸ் கோல் நாட்டுக் குடியில் பிறந்தவர். ஒலிவத்தை நடக் கற்றனர், கொடியைக் கழிக்கக் கற்றனர் என்று இரண்டையும் அவர் வேறுபடுத்தியிருப்பது நோக்கத்தக்கது. கொடி முன்னரே அங்கிருந்தது. அதனைப் பண்படுத்தும் கலையே புதிதாக வந்தது.

இனி, அக்கலை எப்பொழுது அந்த மண்ணில் வேரூன்றிற்று என்று பார்ப்போம். மோன்பெல்லியே நகருக்குத் தெற்கே, கடற்கழியின் கரையில் லாத் என்ற ஊர் இருக்கிறது. பழங்காலத்தில் இது லத்தாரா எனப்பட்ட துறைமுகம். இங்குள்ள வணிகர் குடியிருப்பில், கி.மு. 525க்கும் 475க்கும் இடைப்பட்ட எத்ருஸ்கச் சாடிகள் கிடைத்தன. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பாட்ரிக் மெக்கவர்ன் குழுவினர் அச்சாடிகளின் உட்புறத்தை வேதியியல் முறையில் ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். திராட்சைக்கு உரிய தார்த்தாரிக் அமிலமும், பைன் மரப்பிசினும், நறுமண மூலிகைகளின் கூறுகளும் அவற்றில் ஊறியிருந்தன. அதே ஊரில் கி.மு. 425க்கும் 400க்கும் இடைப்பட்ட சுண்ணாம்புக்கல் மேடை ஒன்றும் இருந்தது. அதிலும் அதே அமிலத்தின் சுவடு காணப்பட்டது. திராட்சை விதைகளும் தோல்களும் அவ்வூரில் மிகுதியாகக் கிடைத்தன. ஆகவே அது பழத்தைப் பிழியும் மேடையே என்று துணிந்தனர். பிரான்சின் மண்ணிலேயே மது ஆக்கப்பட்டதற்கு நாம் அறிந்த மிகப் பழைய சான்று இதுவாகும். வாங்கிக் குடிக்கத் தொடங்கிய பின், தாமே பிழிவதற்குக் கடற்கரை மக்களுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின என்பதை இதனால் அறிகிறோம்.

கடற்கரையில் நிலை இவ்வாறாக, உள்நாட்டில் மது பெருந்தலைவரின் பெருமைக்குரிய பொருளாயிற்று. 1953ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பர்கண்டியில் சேன் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள விக்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு கல்லறை வெளிப்பட்டது. கி.மு. 500 அளவில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெருமாட்டியின் கல்லறை அது. கழுத்தில் பொன் அணி, அருகில் தேர்ச்சக்கரங்கள், ஒரு மூலையில் கிரேக்கர் வார்த்த மாபெரும் வெண்கலக் கொப்பரை. அதன் உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோகிராம், அதில் ஏறத்தாழ 1,100 லிட்டர் மது கொள்ளும். துண்டு துண்டாகக் கொணர்ந்து இங்கே பூட்டியிருக்கலாம் என்பர். 2014, 2015ஆம் ஆண்டுகளில் துருவா நகரை அடுத்த லவோ என்ற இடத்தில் அகழப்பட்ட மற்றொரு பெருங்கல்லறையிலும் மதுவுக்குரிய வெண்கலக் கலங்கள் இருந்தன. கிரேக்கரின் மதுத் தெய்வமாகிய தியோனீசஸின் உருவம் தீட்டிய குடம் ஒன்றும் கிடைத்தது. கடலிலிருந்து பன்னூறு கிலோமீட்டர் தொலைவில், ஆற்று வழியைக் காவல் செய்த தலைவர்களுக்கு இவை வந்து சேர்ந்தன. எத்துணை அருமையான பொருள்களை ஈடாகப் பெற்றிருந்தால் கிரேக்க வணிகர் இத்தகைய கலங்களை அனுப்பியிருப்பர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கோல் மக்கள் மதுவில் மயங்கியவர் என்று கிரேக்க, உரோம ஆசிரியர் பலர் எழுதினர். நீர் கலவாமல் குடிப்பவர் என்று இகழ்ந்தனர். மதுவின் சுவையே அவர்களை ஆல்ப்ஸ் மலையைக் கடக்கத் தூண்டிற்று என்று வழங்கிய கதையை லிவி பதிவு செய்திருக்கிறார். இவற்றை அப்படியே நம்புதல் ஆகாது. எழுதியவர் வேற்று நாட்டார்; கோல் வீரரிடம் தோல்வியுற்ற நினைவு உடையவர். பொசிடோனியஸ் என்ற அறிஞர் மட்டும் நேரில் கண்டு நிதானமாக எழுதினார். செல்வர் இத்தாலியிலிருந்தும் மஸ்ஸாலியாவிலிருந்தும் வந்த திராட்சை மதுவைக் குடித்தனர். எளியோர் கோதுமையிலிருந்து ஆக்கிய, கொர்மா எனப்பட்ட பானத்தையே குடித்தனர் என்பது அவர் கூற்று. எல்லாரும் மதுவில் மூழ்கியிருந்தார்கள் என்ற பழி இதனால் பொய்யாகிறது.

கி.மு. 125இல் உரோமப் படை தென் கோல் நாட்டில் நுழைந்தது. கி.மு. 118இல் நார்போன் நகரில் உரோமர் குடியேற்றம் ஏற்பட்டது. அதன் பின் இத்தாலிய மது வெள்ளம்போல் வந்தது. முன்னர்க் கூறிய ஜியன் கரையிலேயே, கி.மு. 75க்கும் 60க்கும் இடையில் மூழ்கிய உரோமக் கப்பல் ஒன்றை 1967இல் கண்டனர். அது 40 மீட்டர் நீளமுடையது. அதில் 6,000க்கும் மேற்பட்ட சாடிகள் இருந்தன. எத்ருஸ்கக் கப்பலில் நூற்றுக்கணக்கில் வந்தது, இதில் ஆயிரக்கணக்கில் வந்தது. இடைப்பட்ட நான்கு நூற்றாண்டுகளில் வணிகம் எவ்வளவு பெருகிற்று என்பதை அந்தக் கடலடியே காட்டுகிறது.

இச்சாடிகளுக்கு விலை என்ன? டயடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஒரு செய்தி கூறுகிறார். இத்தாலிய வணிகர் ஆற்றிலே படகிலும் நிலத்திலே வண்டியிலும் மதுவை ஏற்றிச் சென்றனர். ஒரு சாடி மதுவுக்கு ஓர் அடிமையைப் பெற்று வந்தனர். ஒரு சாடியில் ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும். அந்த அளவு மதுவுக்கு ஓர் உயிர்! இதனை மிகையென்று கொண்டாலும், வணிகத்தின் போக்கு தெளிவாகிறது. இத்தாலியப் பெருநிலக்கிழாருக்குத் திராட்சைத் தோட்டத்தில் உழைக்க அடிமைகள் தேவை. கோல் தலைவனுக்கோ விருந்தில் வழங்க மது தேவை. போரில் பிடித்த பகைவர் அவனிடம் இருந்தனர். அடிமை இத்தாலிக்குச் சென்று மது விளைத்தான்; அந்த மது மீண்டும் கோல் நாட்டுக்கு வந்து மற்றோர் அடிமையைக் கொண்டு சென்றது. ஆளை விற்கும் வாணிகம் பெருகினால், ஆளைப் பிடிக்கும் போரும் பெருகாமல் இராது. வழியில் உரோம அதிகாரிகளும் தம் பங்கைப் பெற்றனர். துலூசில் சாடி ஒன்றுக்கு 4 தெனாரியம் வரி வாங்கப்பட்டது என்ற வழக்கில், கி.மு. 69 அளவில் ஆளுநன் ஒருவனுக்காகச் சிசரோ வாதாடினார்.

இதன் தீமையை உணர்ந்தவர் கோல் நாட்டில் இல்லாமல் இல்லை. இன்றைய பெல்ஜியத்திலும் பிரான்சின் வடகோடியிலும் வாழ்ந்த நெர்வியர் என்னும் குடியினர் வணிகரைத் தம் நாட்டில் நுழையவிடவில்லை. மதுவை அறவே விலக்கினர். அது வீரத்தைக் குலைத்துவிடும் என்று அவர்கள் கருதியதாகச் சீசரே எழுதுகிறார். கி.மு. 57இல் நடந்த போரில் சீசரின் படையைத் தோல்வியின் விளிம்புக்குக் கொண்டு சென்றவர்களும் இவர்களே. ஆயினும் இறுதியில் வென்றவர் சீசர். அதே ஆண்டில் அதுவாதூக்கர் என்ற குடியினரை ஒட்டுமொத்தமாக விற்றபோது, விலைபோனவர் தொகை 53,000 என்று அவர் கணக்குக் கூறுகிறார். சாடிக்கு ஒருவராகச் சென்ற அடிமைகள் போய், ஒரே நாளில் ஒரு குடியே விலைபோயிற்று.

நாட்டை வென்றவர், மதுவை விற்பார்களே ஒழிய, அதனை ஆக்கும் உரிமையைக் கொடுக்க எளிதில் மனம் வருமா? ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலுள்ள மக்கள் கொடியும் ஒலிவமும் நடுவதை உரோமர் தடுத்தனர் என்றும், தம் தோட்டங்களின் மதிப்பு உயரவே அவ்வாறு செய்தனர் என்றும் சிசரோவின் நூலொன்றில் ஒரு பாத்திரம் வெளிப்படையாகப் பேசுகிறது. எனினும் தடை நிலைக்கவில்லை. உரோமர் ஆட்சியில் தென்பகுதியில் தோட்டங்கள் பெருகின. ஆனால், அத்தோட்டத்துக் கொடிகள் வெயிலுக்குப் பழகியவை. வடக்கே சென்றால் குளிரில் கருகிவிடும். இத்தடையை வென்றவர் கோல் மக்களே. வியென் நகரைச் சூழ்ந்து வாழ்ந்த அல்லோபுரோகர், குளிரைத் தாங்கி, பனி விழும் காலத்தில் பழுக்கும் ஒரு வகைக் கொடியைப் பயிரிட்டனர். அதைப் பற்றிப் பிளினி கி.பி. 77 அளவில் எழுதியிருக்கிறார். போர்தோவில் வாழ்ந்த பித்தூரிகரின் பெயரால் மற்றொரு கொடிவகை புகழ்பெற்றது; மழையையும் காற்றையும் அது தாங்கிற்று. பர்கண்டியில் ஜெவ்ரே-ஷாம்பெர்த்தேன் என்ற ஊரில் 2008இல் நடந்த அகழ்வில், கி.பி. முதல் நூற்றாண்டில் கொடி நடுவதற்காக வரிசையாகத் தோண்டிய சுமார் 300 குழிகள் வெளிப்பட்டன.

இவ்வளர்ச்சி இத்தாலியரை அச்சுறுத்தியது போலும். கி.பி. 92 அளவில் பேரரசன் டொமிஷியன், மது மிகுந்து தானியம் குறைந்தது என்று காரணம் காட்டி, வெளி மாகாணங்களில் உள்ள கொடிகளில் பாதியையாவது வெட்டியெறியுமாறு ஆணையிட்டான். ஆணையை அவனே வற்புறுத்தி நிறைவேற்றவில்லை என்று சூட்டோனியஸ் கூறுகிறார். கி.பி. 276 முதல் 282 வரை ஆண்ட புரோபஸ், கோல் நாட்டார் கொடி வளர்க்கும் உரிமையை வெளிப்படையாக வழங்கினான். கி.பி. 312 அளவில் பேரரசன் கான்ஸ்டன்டைன் முன்னிலையில் பேசிய ஒதேன் நகரத்துச் சொற்பொழிவாளர், தம் நாட்டுக் கொடிகள் முதுமையால் வேர் பின்னிக் கிடக்கின்றன என்று முறையிட்டார். பர்கண்டிக் கொடி அன்றே முதிர்ந்துவிட்டது என்றால், அதன் பழமையை நாம் உணரலாம்.

கோல் மக்கள் மதுத் தொழிலுக்கு அளித்த கொடை கொடியளவில் நிற்கவில்லை. மண்சாடி கனமானது, எளிதில் உடைவது, நிறைந்த சாடியின் எடையில் பாதி மண்ணின் எடையே. மரப்பலகைகளை வளைத்து வளையமிட்டுப் பூட்டிய பீப்பாய் அத்தகையதன்று. ஒருவனே அதை உருட்டிச் செல்லலாம். ஆல்ப்ஸ் மலைப்பகுதியினர் மதுவை வளையமிட்ட மரக்கலங்களில் வைத்தனர் என்று பிளினி குறித்துள்ளார். பழைய மரத்தச்சின் திறம் புதிய தொழிலுக்கு உதவிற்று. மோசெல் ஆற்றங்கரையில் நாய்மாகன் என்ற ஊரில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்சிற்பம் ஒன்று கிடைத்தது. துடுப்பு வலிப்போர் நிறைந்த ஓடத்தில் பெரிய பீப்பாய்கள் ஏற்றப்பட்டிருக்கும் காட்சியை அதில் காண்கிறோம். மதுவோடு வந்த சாடி மறைந்தது. கோல் நாட்டுப் பீப்பாய் நிலைத்தது.

அச்சாடிகள் நம் நாட்டையும் எட்டியவை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. முசிறியில் இறக்குமதியான பொருள்களுள் மதுவையும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல் குறிக்கிறது. ஆயின், இங்கு வந்த மதுவுக்கு ஈடாகச் சென்றவை மிளகும் முத்தும் துகிலுமே. வாணிகத்தில் எதைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பயனும் கேடும் அமைகின்றன.

2019ஆம் ஆண்டில் அறிவியலார் பிரான்சின் பழைய ஊர்களில் அகழ்ந்தெடுத்த 28 திராட்சை விதைகளின் மரபணுவை ஆராய்ந்தனர். உரோமர் காலத்து விதைகள் சில இன்றைய கொடிவகைகளுக்கு மிக நெருங்கிய உறவுடையவை என்று தெரிந்தது. ஓர்லேயான் நகரில் கிடைத்த சுமார் 900 ஆண்டுப் பழமையான விதை ஒன்று, இன்றும் பயிராகும் சவாஞ்ஞேன் என்ற வகையோடு சிறிதும் வேறுபாடின்றி ஒத்திருந்தது. விதையிலிருந்து முளைக்கும் கொடி தாய்க்கொடியை அப்படியே ஒத்திராது; தண்டை வெட்டி நட்டால் மட்டுமே ஒக்கும். எனவே, பெயர் தெரியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்டை வெட்டி நட்டு அக்கொடியைக் காத்து வந்திருக்கின்றனர் என்பது உறுதியாகிறது.

எத்ருஸ்கரும் கிரேக்கரும் உரோமரும் கொணர்ந்ததைக் கோல் மக்கள் மறுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ஆனால், சாடிக்கு ஆளைக் கொடுத்து வாங்கிய காலம் வரை அது அவர்களை ஆண்டது. தம் குளிருக்கு ஏற்ற கொடியைத் தேர்ந்து, தம் மரத்தால் கலம் செய்து, தாமே ஆக்கத் தொடங்கிய பின்னரே அது அவர்களுடைய தொழிலாயிற்று. பிற நாட்டுப் பொருளை வாங்குவதோடு நின்றுவிடாமல், அதனை ஆக்கும் அறிவையும் பெற்றுத் தம் மண்ணுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் மக்களே வாணிகத்தில் உரிமையோடு வாழ்வர். கோல் நாட்டுக் கொடிமுந்திரியின் வரலாறு நமக்கு அறிவுறுத்துவது இதுவே.